வழிமொழிய ஒருவர்

கூடத்தில் கைதட்டல் கேட்டபோது நான் வடை தட்டிக்கொண்டிருந்தேன். சமையலறையில் இருந்த யாருக்கும் எதற்காகக் கைதட்டுகிறார்கள் என்று தெரியவில்லை. புகை போக்கும் விசிறி போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே பாதிதான் காதில் விழும்.

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், நகைக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் தமிழ்ச் சங்கம் வாடகைக்கு எடுத்திருக்கும் கூடம். அதன் பின்பக்கம் ஆறு பேர் நின்றால் முழங்கை இடிக்கும் ஒரு சமையலறை. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஆண்கள் கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு உட்காருவார்கள். பெண்கள் நாங்கள் பின்பக்கம் போய்விடுவோம். யாரும் போகச் சொன்னதில்லை. கூட்டம் முடிந்ததும் எல்லாருக்கும் பசிக்கும், சாப்பாடு சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். அது பழக்கமாகவே ஆகிவிட்டது.

வடைத்தட்டோடு வெளியே வந்தபோது செயலாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். திருச்சிப் பக்கத்துக்காரர், என் வயதுதான் இருக்கும், ஜூரோங்கில் பொறியாளராக வேலை பார்ப்பவர்.

"மேடம், உங்க ஞாயித்துக்கிழம வகுப்பு இனிமே இல்ல. நீங்களும் கொஞ்சம் ரெஸ்ட் எடுக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் அந்தக் கூடத்தில் பிள்ளைகளுக்கு நானும் இன்னும் இரண்டு அம்மாக்களும் தமிழில் கதை சொல்லி வந்தோம். பாடம் கிடையாது, தேர்வு கிடையாது. கதை கேட்டுவிட்டு அவர்களும் ஒன்று சொல்ல வேண்டும், அவ்வளவே. அந்த நேரத்தில் கூடத்தை வேறொரு குழுவுக்கு விடலாம் என்று யாரோ முன்மொழிந்திருக்கிறார். யாரோ வழிமொழிந்திருக்கிறார். நிறைவேறிவிட்டது.

"ஏகமனதா நிறைவேறிச்சு மேடம். யாருமே எதிர்க்கல. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா நிறுத்தி வெச்சிருப்போம்."

"நான் உங்களுக்கு வடை சுட்டுக்கிட்டிருந்தேன்."

"அதான் மேடம்! வடை சூப்பர்."

அவர் கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே பாராட்டினார். அதுதான் என்னை வீடுவரை துரத்தி வந்தது. புக்கிட் பாஞ்சாங்கில் எங்கள் வீட்டுக்கு எல்ஆர்டி ரயிலில் போக வேண்டும். அந்த ரயில் வட்டமடிக்கும். இறங்காமல் உட்கார்ந்திருந்தால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பக் கொண்டுவந்து விடும். அன்று நான் என் நிலையத்தில் இறங்கவில்லை. குடியிருப்புகளுக்கு நெருக்கமாகப் போகும்போது ரயில் கண்ணாடி தானாக மங்கி, கடந்ததும் தெளிந்தது. 'ஏகமனதாக' என்ற சொல்லையே மென்றுகொண்டிருந்தேன். என் மனது அதில் இல்லையே. பின்னால் எண்ணெய்ச் சட்டியைச் சுற்றி நின்ற எவருடைய மனதும் அதில் இல்லை. பிறகு எப்படி ஏக மனது?

வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். "சரி, விடு. இனி ஞாயித்துக்கிழம காலையில நிம்மதியாத் தூங்கலாமே," என்றார். அதற்குப் பிறகு வந்த எந்த ஞாயிற்றுக்கிழமையும் எனக்குத் தூக்கம் வரவில்லை. பழக்கத்தில் விழித்துக்கொள்வேன். அடுப்பைத் துடைப்பேன், துடைத்த அடுப்பை மறுபடி துடைப்பேன். தாழ்வாரத்தில் முன்னும் பின்னும் நடப்பேன். பக்கத்து வீட்டுச் சீன அம்மா ஒருநாள், உடற்பயிற்சியா என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

எனக்கு வேலை ஒரு மென்பொருள் நிறுவனத்தில். மற்றவர்கள் எழுதியது எங்கே உடைகிறது என்று கண்டுபிடிப்பது என் வேலை. உடைந்த இடம் தெரிந்தால் சும்மா இருக்க முடியாது. எழுதி அனுப்பினால்தான் மூச்சு சீராகும். சங்கத்தில் எங்கே உடைந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. கதை வகுப்பை நிறுத்தியதில் இல்லை உடைசல். அதை முடிவு செய்த நேரத்தில் நாங்கள் எங்கே இருந்தோம் என்பதில் இருந்தது. ஆனால் அதை யாருக்கு எழுதி அனுப்புவது?

செயலாளரிடமே கேட்டேன். "இதுக்கெல்லாம் எதுக்கு மேடம் தீர்மானம்? வாட்ஸ்அப் குரூப்புல போடுங்க, பேசிக்கலாம்," என்றார். போட்டேன். நான்கு கைகூப்பும் படங்களும் ஒரு காலை வணக்கமும் வந்தன. அதற்குக் கீழே யாரோ ஒரு ரத்த அழுத்த வைத்தியம் போட, என் கேள்வி மேலே போய் மறைந்தது.

அப்போதுதான் என் தோழி இந்த விஷயத்துக்குள் வந்தாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். கல்யாணமாகி இங்கே வந்து, உட்லண்ட்ஸில் குடியிருந்துகொண்டு, ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். சங்கத்தில் அவளும் உறுப்பினர்தான். அவளுக்குச் சமையல் பிடிக்காது, அதனால் பொதுக்கூட்டத்துக்கே வரமாட்டாள். சங்க விதிகளை அச்சடித்த சின்னப் புத்தகம் ஒன்று உறுப்பினராகச் சேரும்போது எல்லாருக்கும் கொடுத்திருந்தார்கள். என்னுடையது எங்கே போனதென்றே தெரியவில்லை. அவள் தன்னுடையதை எடுத்துக்கொண்டு வந்தாள்.

லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். நான் எழுதிக்கொண்டு போனதைக் காட்டினேன். மூன்று பக்கம். பெண்களின் உழைப்பு, அவமதிப்பு, போன வருடம் நடந்தது, அதற்கு முந்தின வருடம் நடந்தது, செயலாளர் வடையைப் பாராட்டியது எல்லாம் அதில் இருந்தன. அவள் பொறுமையாகப் படித்தாள்.

"இது என்ன, தீர்மானமோ? எனக்கு இது சண்டை மாதிரியெல்லோ இருக்கு."

"சண்டைதான்."

"சண்டைக்கு ஆரும் கை தூக்கமாட்டினம். இதுல சங்கம் என்ன செய்யவேணும் எண்டு எங்க இருக்கு? எனக்குக் காட்டுங்கோ."

தேடினேன். மூன்று பக்கத்திலும் இல்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது. அவள் சிரிக்கவில்லை. விதிப் புத்தகத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தாள். தீர்மானம் கொண்டுவர விரும்புகிற உறுப்பினர், முன்மொழிபவர் பெயரும் வழிமொழிபவர் பெயரும் சேர்த்து, கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பே செயலாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கூட்டத்தில் தலைவர் அழைத்த பிறகுதான் எழ வேண்டும். தீர்மானத்தை மட்டும் வாசித்துவிட்டு நிறுத்த வேண்டும். வேறொருவர் வழிமொழிந்த பிறகுதான் காரணத்தைப் பேச முடியும். யாரும் வழிமொழியாவிட்டால் அங்கேயே விழுந்துவிடும். அதைப் பற்றி ஒரு சொல்கூடப் பேச முடியாது.

"வாசிச்சிட்டுச் சும்மா நிக்கணுமா?"

"ஓம். வாயை மூடிக்கொண்டு நிக்க வேணும். உங்களுக்கு அதுதான் கஷ்டம்."

அன்று பின்னேரம் முழுவதும் அடித்து அடித்து எழுதினோம். தேநீர் ஆறியது. கடைக்காரர் மேசையைத் துடைக்க இரண்டு முறை வந்துவிட்டுப் போனார். கடைசியில் நின்றது இதுதான்: 'ஆண்டுப் பொதுக்கூட்டம் நடைபெறும் நேரத்தில் உறுப்பினர் எவரும் உணவு தயாரிக்கும் வேலையில் இருக்கக் கூடாது என்றும், அன்றைய உணவை வெளியிலிருந்து வரவழைக்க வேண்டும் என்றும் இக்கூட்டம் தீர்மானிக்கிறது.' முன்மொழிபவர் என்ற இடத்தில் நான் கையெழுத்துப் போட்டேன். வழிமொழிபவர் என்ற இடத்தில் அவள்.

செயலாளரிடம் கொடுத்தபோது அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிஜமாவே குடுக்கறீங்களா மேடம்?" என்றார். வாங்கிக்கொண்டதற்கு ஒரு கையெழுத்து கேட்டேன். போட்டுக் கொடுத்தார். இனி எல்லாம் சரி என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் அக்கா தொலைபேசியில் அழைத்தார். எங்கள் சமையலறையை நடத்துபவர் அவர்தான். இங்கேயே பிறந்து வளர்ந்தவர், அறுபது வயதிருக்கும், சங்கத்தில் எல்லாருக்கும் அக்கா. எத்தனை பேர் வந்தாலும் கையால் அள்ளிப் போட்டே உப்பு சரியாக வைப்பார். நான் இந்த ஊருக்கு வந்த புதிதில், யாரையும் தெரியாமல் கூடத்தின் ஓரத்தில் நின்றபோது, "இங்க வா, இந்த வெங்காயத்த உரி" என்று கூப்பிட்டு என்னை ஒருத்தியாக ஆக்கிக்கொண்டவர் அவர்தான்.

"என் சாப்பாடு சரியில்லன்னு எழுதிக் குடுத்திருக்கியாமே?"

"ஐயோ அக்கா, அப்படி இல்ல."

"வெளிய வாங்கணும்னு எழுதியிருக்கியா இல்லையா?"

"எழுதியிருக்கேன். ஆனா அது ஏன்னா..."

"அப்பறம் என்னா லா? எல்லாம் எனக்குப் புரியுது. பரவால்ல."

வைத்துவிட்டார். திரும்ப அழைத்தேன், எடுக்கவில்லை. நேரில் போனேன், வீட்டில் இல்லை. மற்ற பெண்களும் என்னிடம் ஒரு மாதிரியாகப் பேசத் தொடங்கினார்கள். "உங்களுக்கு வேலை கஷ்டமா இருந்தா சொல்லியிருக்கலாமே, நாங்க பாத்துக்குவோமே" என்றாள் ஒருத்தி, இரண்டு வருடம் என்னோடு கதை வகுப்பு நடத்தியவள். காரணத்தை விளக்கலாம் என்று ஆரம்பிப்பேன். 'வெளிச்சாப்பாடு' என்ற சொல்லைத் தாண்டி எதுவும் அவர்கள் காதுக்குப் போகவில்லை. நான் எழுதிய ஒரு வாக்கியம் என் கையை விட்டுப் போய், வேறு அர்த்தத்தோடு ஊரைச் சுற்றி வந்துகொண்டிருந்தது. சாப்பிட உட்கார்ந்தால் நாலு வாயோடு எழுந்துவிடுவேன். அலுவலகத்தில் ஒரே பிழையை இரண்டு முறை பதிந்து வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"திரும்ப வாங்கிக்கயேன்," என்றார் கணவர்.

வாங்கிக்கொள்ளலாம், விதியில் அதற்கும் இடம் இருந்தது. ஒரு மாலை செயலாளரின் எண்ணைத் திரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அழைக்கவில்லை. அது வீரம் ஒன்றும் இல்லை. வாங்கிக்கொண்டால், அக்கா நினைத்தது உண்மை என்றாகிவிடும்.

கூட்டத்தன்று காலை சீக்கிரமே போய்விட்டேன். சீக்கிரம் என்றால், கூடம் திறக்கவே இல்லை. ரயில் நிலையத்திலிருந்து சிராங்கூன் சாலை நெடுக ஃபேரர் பார்க் வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடியும் நடந்தேன். பூக்கடைகளில் மாலை கட்டிக்கொண்டிருந்தார்கள். "தலைவர் அவர்களே, நான் முன்மொழிவது" என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனதில், எதிரே வந்த ஒருவர் தன்னிடம் பேசுகிறேன் என்று நினைத்து நின்றுவிட்டார்.

படியேறியபோது பெண்கள் வழக்கம்போலப் பின்பக்கம் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கா பெரிய அண்டாவைத் தூக்கிக்கொண்டு முன்னால் போனார். என்னைப் பார்த்தார். எனக்கு அந்த அண்டாவின் மறுகாதைப் பிடிக்கக் கை தானாக நீண்டது. இழுத்துக்கொண்டேன். கூடத்துக்குள் போய் மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தேன். அந்தக் கூடத்தில் நான் ஒருத்திதான் பெண். பக்கத்தில் உட்கார வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டு, ஒரு நாற்காலி விட்டு உட்கார்ந்தார்.

என் தோழி வரவில்லை. ஜோகூரில் இருக்கும் அவளுடைய தங்கைக்குக் காய்ச்சல் என்று முதல் நாளே எல்லைப் பாலம் தாண்டிப் போயிருந்தாள். காலையில் கிளம்பி நேராக வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தாள். கூட்டம் தொடங்கும்போது செய்தி வந்தது: 'பாலத்தில நிக்கிறன். சரியான நெரிசல்.' பள்ளி விடுமுறை என்பது எங்கள் இருவருக்கும் உறைக்கவே இல்லை.

தலைவர் வரவேற்றார். போன கூட்டத்தின் குறிப்புகளை வாசித்தார்கள். அறிக்கை வாசித்தார்கள். எப்போதும் இழுத்துக்கொண்டே போகும் அந்தக் கூட்டம் அன்று எண்ணெயில் வழுக்குவதுபோல ஓடியது. யாரும் கேள்வி கேட்கவில்லை. என் கால் தானாக ஆடத் தொடங்கியது. முன் நாற்காலிக்காரர் திரும்பிப் பார்த்தார். நிறுத்தினேன். மறுபடியும் ஆடியது. 'எங்க வந்திருக்கீங்க?' என்று அனுப்பினேன். 'அதே பஸ். அதே இடம்' என்று பதில் வந்தது.

அடுத்தது என் தீர்மானம். கையைத் தூக்கினேன்.

தலைவர் பழைய ஆள். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா வைத்திருப்பார். "சொல்லுங்கம்மா."

"ஐயா, இதுக்கு அடுத்த விஷயத்த முதல்ல எடுத்துக்கலாமா? என் தீர்மானத்தக் கடைசியா வெச்சுக்கலாம்."

"நிகழ்ச்சி நிரல மாத்தணும்னா அதையும் ஒருத்தர் வழிமொழியணுமே. யாராச்சும் இருக்கீங்களா?"

யாரும் இல்லை.

"சரிம்மா, உங்க தீர்மானத்த வாசிங்க."

எழுந்தேன். வாசித்தேன். 'தீர்மானிக்கிறது' என்ற கடைசிச் சொல்லோடு நிறுத்தினேன். பின்வரிசையில் யாரோ மெல்லச் சிரித்தார்கள்.

"வழிமொழியறவங்க பேரு இதுல இருக்கு. வந்திருக்காங்களா?"

"பாலத்துல மாட்டிக்கிட்டாங்க. வந்துக்கிட்டிருக்காங்க."

"வேற யாராவது வழிமொழியறீங்களா?"

நின்றுகொண்டிருந்தேன். பேச எனக்கு உரிமை இல்லை. யாராவது ஒருவர் கையைத் தூக்கினால் போதும், பேசிவிடலாம். வரிசை வரிசையாகப் பார்த்தேன். எல்லாரும் எனக்குத் தெரிந்தவர்கள், என் கையால் சாப்பிட்டவர்கள். ஒருவர் கைப்பேசியைப் பார்த்தார். ஒருவர் கூரையைப் பார்த்தார். செயலாளர் எனக்காக வருத்தப்படுவதுபோல முகத்தை வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"மறுபடி கேக்கறேன். யாராவது?"

அப்போதுதான் கூடம் வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருப்பதைக் கவனித்தேன். பின்னாலிருந்து விசிறிச் சத்தம் வரவில்லை. சமையலறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. நான் தங்களைப் பற்றி என்ன சொல்லப் போகிறேன் என்று கேட்க விசிறியை அணைத்திருக்கிறார்கள்.

கதவு முழுதாகத் திறந்தது. அக்கா, கையைப் புடவைத் தலைப்பில் துடைத்தபடி நின்றார்.

"நான் வழிமொழியறேன்."

தலைவருக்கே ஒன்றும் புரியவில்லை. "நீங்க இதுக்கு எதிர்னு கேள்விப்பட்டேனேம்மா?"

"எதிர்தான் அண்ணே. ஆனா இது இங்கயே விழுந்துட்டா நான் எப்படிப் பதில் சொல்றது? அப்பறம் வெளிய ஆளாளுக்கு என் சாப்பாட்டப் பத்திப் பேசிக்கிட்டுத் திரிவாங்க. எனக்குப் பேசணும் லா. இவ பேசட்டும், நானும் பேசறேன்."

"எதிர்க்கிறவங்க எப்படி சார் வழிமொழிய முடியும்?" என்று செயலாளர் எழுந்தார். விதிப் புத்தகத்தைப் புரட்டினார்கள். ஆதரிப்பவர்தான் வழிமொழிய வேண்டும் என்று அதில் எங்கேயும் இல்லை. தலைவர் ஒரு பேனாவை எடுத்து மறுபடி பையில் செருகிக்கொண்டு, கொஞ்சம் யோசித்துச் சொன்னார்: "இதப் பேசலாம்னு சொல்றதுதான் வழிமொழியறது. ஆதரவா எதிர்ப்பாங்கறது கை தூக்கும்போது தெரியும். அனுமதிக்கிறேன். நீங்க பேசுங்கம்மா."

இத்தனை நாள் தயார் செய்து வைத்த பேச்சு அந்த நொடியில் காணாமல் போய்விட்டது. சமையலறையிலிருந்து ஒவ்வொருவராக வெளியே வந்து அக்காவின் பின்னால் நின்றார்கள். நான் தலைவரைப் பார்த்துப் பேச வேண்டும் என்று விதி. அக்காவைப் பார்த்தே பேசினேன்.

"சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லக்கா. போன வருஷம் இதே நேரத்துல நாம உள்ள இருந்தோம். இங்க கைதட்டினாங்க, ஞாபகம் இருக்கா? எதுக்குன்னு நீங்ககூட கேட்டீங்க. பிள்ளைங்க கதை வகுப்ப நிறுத்தறதுக்குத் தட்டின கை அது. ஏகமனதா நிறைவேறிச்சுன்னு குறிப்புல இருக்கு. வகுப்ப நடத்தினவங்க எல்லாரும் பின்னால வடை சுட்டுக்கிட்டிருந்தோம்."

அக்காவின் முகம் மாறியது. "இரு, இரு. வகுப்ப நீதான நிறுத்தின? வேலைக்குப் போறதுல நேரம் இல்லன்னு?"

"நான் நிறுத்தலக்கா. யார் அப்படிச் சொன்னது?"

அவர் கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவருடைய பேத்தியும் அந்த வகுப்புக்கு வந்துகொண்டிருந்தவள். "அந்தப் புள்ள ஒரு மாசம் கேட்டுச்சு. ஏன் பாட்டி கதை இல்லன்னு. ஆண்ட்டிக்கு நேரம் இல்லன்னு சொல்லி வெச்சேன். எனக்கு உம்மேல கோவம்கூட."

ஒரு வருடமாக எங்கள் இருவருக்கும் இடையில் இது கிடந்திருக்கிறது. சேர்ந்து வெங்காயம் உரித்திருக்கிறோம், ஒரே அண்டாவைத் தூக்கியிருக்கிறோம். அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. உட்கார்ந்துவிட்டேன்.

"இப்ப நீங்க பேசலாம்மா," என்றார் தலைவர் அக்காவிடம்.

"நான் வெளிச்சாப்பாட்டுக்கு எதிர்தான். அதுல மாத்தமில்ல. எனக்குச் சமைக்கப் பிடிக்கும், யாரும் என்னக் காப்பாத்த வேணாம்." அதை என்னைப் பார்த்துச் சொன்னார். "ஆனா கூட்டத்த ஏன் காலையில வெக்கிறீங்க? மொதல்ல சாப்பிடுவோம். சாப்ட்டு முடிச்சு, பாத்திரம் கழுவி, அப்பறம் எல்லாரும் சேந்து உக்காருவோம். அப்ப யாரும் பின்னால இருக்க மாட்டாங்க இல்ல?"

"அதத் திருத்தமாச் சொல்றீங்களா?" தலைவருக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது.

"என்னாவா வேணாலும் வெச்சுக்குங்க."

தலைவர் என்னைக் கேட்டார், திருத்தத்தை ஏற்றுக்கொள்கிறேனா என்று. எனக்கு உடனே ஆமாம் சொல்ல வரவில்லை. ஒரு பின்னேரம் முழுக்க உட்கார்ந்து செதுக்கிய வாக்கியம். இதில் பெண்கள் இன்னமும் சமைப்பார்கள். நான் கேட்டது அது இல்லை. ஆனால் நான் கேட்டது அக்காவுக்கு வேண்டியதே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எழுந்தேன். "ஒன்னு சேத்துக்கலாம்னா ஏத்துக்கறேன். பாத்திரத்த எல்லாரும் சேந்து கழுவணும். அது முடிஞ்சப்பறம்தான் கூட்டம்."

கூடம் சிரித்தது. அக்கா சிரிக்கவில்லை. "எழுதுங்க தம்பி," என்றார் செயலாளரிடம். அவர் எழுதினார்.

கை தூக்கச் சொன்னார்கள். கதவோரம் நின்ற பெண்கள் எல்லாரும் தூக்கினார்கள், ஒருத்தியின் விரல்களில் மாவு காய்ந்திருந்தது. ஆண்களில் சிலர் உடனே, சிலர் பக்கத்தைப் பார்த்துவிட்டு. எதிராகவும் கைகள் எழுந்தன. சாப்பிட்டபின் கூட்டம் வைத்தால் தூங்கிவிடுவோம் என்று ஒருவர் சொன்னார், அது நியாயமான பேச்சுத்தான். தீர்மானம் பெரும்பான்மையோடு நிறைவேறியதாகச் செயலாளர் குறித்துக்கொண்டார். ஏகமனதாக என்று எழுதவில்லை. அது எனக்கு நிம்மதியாக இருந்தது.

அதே சூட்டில் கதை வகுப்பைத் திரும்பத் தொடங்கவும் கேட்டேன். தலைவர் முடியாது என்று தலையாட்டிவிட்டார். "அதுக்கு முன்னறிவிப்பு வேணும்மா. அடுத்த வருஷம் கொண்டாங்க." கோபம் வந்தது. ஆனால் எந்த விதியைப் பிடித்துக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தேனோ அதுதான் அதையும் சொன்னது. உட்கார்ந்தேன்.

தோழி வந்தபோது எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். படியேறிய மூச்சோடு, "முடிஞ்சுதோ? விழுந்திட்டுதோ?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். அவள் முதலில் நம்பவில்லை. "எதிர்க்கிறவவே வழிமொழிஞ்சவவோ?" என்று இரண்டு தரம் கேட்டாள். அக்கா அவளுக்கு ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தார். எனக்குக் கொடுக்கவில்லை. "உனக்குத்தான் வெளிச்சாப்பாடு பிடிக்குமே," என்றார். பிறகு தன் தட்டிலிருந்தே ஒரு வடையை எடுத்து என் கையில் வைத்தார்.

அடுத்த வருடம் கூட்டம் மதியத்துக்கு மேல் நடந்தது. தலைவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு அண்டாவைத் தேய்த்தார். சரியாகத் தேய்க்கவில்லை என்று அக்கா திரும்பத் தேய்க்க வைத்தார். கூட்டத்தில் பின்வரிசை தூங்கத்தான் செய்தது. கதை வகுப்புத் தீர்மானத்தைத் தோழி முன்மொழிந்தாள், நான் வழிமொழிந்தேன். தோற்றது. எதிராகக் கை தூக்கியவர்களில், முன்பு வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிய இரண்டு அம்மாக்களும் இருந்தார்கள். ஞாயிறு காலை பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன், எங்கே அனுப்புவது என்று எழுந்து நின்று சொன்னார்கள். எனக்கு வலித்தது. ஆனால் இந்த முறை யார் வேண்டாம் என்றார்கள், எதற்காக என்றார்கள் என்பது தெரிந்தது. அன்று ரயிலில் என் நிலையத்தில் ஒழுங்காக இறங்கினேன்.

சில நாள் கழித்து அந்த அம்மாக்களில் ஒருத்தி அழைத்தாள். அவளும் புக்கிட் பாஞ்சாங்தான், எங்கள் அடுக்குமாடி புளோக்குக்கு நாலு புளோக் தள்ளி. "சண்டேதான் முடியாது. வெள்ளிக்கிழம சாயந்தரம்னா என் பையன் ஃப்ரீ. நம்ம புளோக் கீழ டேபிள் இருக்குல்ல, அங்க உக்காந்து சொல்லலாமா?"

அதற்கு யாரும் முன்மொழியவும் வேண்டியிருக்கவில்லை. இப்போது வெள்ளிக்கிழமைகளில் அலுவலகத்திலிருந்து ஓட்டமும் நடையுமாக வருகிறேன். சில வாரம் ஏழெட்டுப் பிள்ளைகள், சில வாரம் அவள் பையன் மட்டும். அவன் ஒரு இடத்தில் உட்காரமாட்டான். கல்மேசையைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டேதான் கதை கேட்பான். நானும் எழுந்து அவன் பின்னால் நடந்துகொண்டே சொல்கிறேன்.